ஈராசிரியர் பள்ளி: வகுப்பறை ஒழுங்கின் ஒரு சிறு வரலாறு

ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஓசூரைத் தாண்டித் தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி ஒன்றியங்களின் உட்கிராமங்களுக்குச் செல்பவர்கள் இத்தகைய தொடக்கப் பள்ளிகளைச் சாதாரணமாகக் காணலாம். கல்வித்துறையின் வழக்கில் இவற்றுக்கு ஈராசிரியர் பள்ளிகள் என்று பெயர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒருநாளும் விடுப்பு எடுக்காமல், அலுவலகக் கூட்டங்களுக்கும் போகாமல் பணியாற்றினாலும், எந்த ஒரு நொடியிலும் மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை.

அந்த மூன்று வகுப்புகளும் அந்நேரத்தில் என்ன செய்கின்றன?

வகுப்பறை மேலாண்மை என்று இன்று ஆசிரியப் பயிற்சியில் சொல்லப்படுவதன் மையக் கேள்வி இதுதான் என்று நாம் கருதுகிறோம். இருக்கைகளை எப்படி அமைப்பது, சத்தத்தை எப்படிக் குறைப்பது, சேட்டை செய்யும் பையனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பனவெல்லாம் இதன் கிளைக் கேள்விகள். பற்றாக்குறையான ஒரு பொருளை, அதாவது ஆசிரியரின் நேரத்தை, பிள்ளைகளிடையே பங்கிடுவதே வகுப்பறைத் திட்டம். தமிழகத்தில் இக்கேள்விக்குக் குறைந்தது இருநூற்றைம்பது ஆண்டுகளாக விடை தேடப்பட்டு வருகிறது. அவ்விடைகளுள் சில உலகம் சுற்றியவை. சில, கிருஷ்ணகிரி மண்ணோடு நெருங்கிய உறவு கொண்டவை.

முதல் விடை திண்ணைப் பள்ளிக்கூடத்தின் விடை. திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற பிரிவே இன்றைய பொருளில் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால் ‘அ’னா எழுதிக்கொண்டிருக்கும், அதே திண்ணையில் பத்து வயதுப் பையன் எண்சுவடியை ஒப்பித்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு பிள்ளையும் தன் சுவடியில் தான் நிற்குமிடத்திலிருந்து மேலே போகவேண்டும். வாத்தியார் ஒருவரே. அவருக்குக் கீழே சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன். இளையவர்களுக்கு எழுத்தைக் காட்டுவதும், பாடம் கேட்பதும், வராதவனை வீட்டிலிருந்து இழுத்துவருவதும் அவன் வேலை. சட்டாம்பிள்ளை என்ற சொல் பின்னாளில் வீண் அதிகாரம் செய்பவனைக் குறிக்கும் கேலிச்சொல்லாகத் தேய்ந்துபோனதில் ஒரு வரலாறு இருக்கிறது. பெரிய வகுப்புப் பையனின் கையில் பிரம்பு கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அக்காலப் பிள்ளைகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிய விரிவான அரசாங்கப் பதிவு நமக்குக் கிடைப்பதற்குக் காரணமானவர் தாமஸ் மன்றோ. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. 1799-இல் நான்காம் மைசூர்ப் போருக்குப் பின் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் ஒருவராக, 1792 முதல் 1799 வரை, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் கிராமங்களில் நில வரி கணக்கெடுத்துத் திரிந்தவர் மன்றோ. அவரே 1820-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். 1822-இல், எல்லா மாவட்டங்களிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதியினர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களைக் கேட்டார். நிலத்தை அளந்த கை பள்ளியையும் அளக்க முற்பட்டது.

விடைகள் வந்து தொகுக்கப்பட்டபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்காயிற்று. தரம்பால் 1983-இல் இவ்வாவணங்களை நூலாக வெளியிட்ட பிறகு இந்த எண்கள் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. ஆங்கிலேயர் வருமுன் இங்கே கல்வியே இல்லை என்ற பேச்சை அவை உடைத்தன. அதே பட்டியல் இன்னொன்றையும் சொல்கிறது: 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் வெறும் 4,540. ஊர்த் திண்ணையில் ஏற முடியாத சாதியினரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியிலும் ஏறவில்லை. பெருமிதத்தோடு இந்த ஆவணத்தைத் திறப்பவர்கள் இப்பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

நமது கேள்விக்கு முக்கியமானது வேறொரு கணக்கு. மொத்தப் பிள்ளைகளைப் பள்ளிகளால் வகுத்தால், ஒரு பள்ளிக்குச் சராசரியாக 15 பேர். சட்டாம்பிள்ளை முறை நடந்தது இந்தப் பதினைந்து பேரின் நடுவேதான். சட்டாம்பிள்ளையிடம் எழுத்துப் பயின்ற பிள்ளையும் அன்று மாலைக்குள் வாத்தியாரின் கண்ணில் பட்டுவிடும்.

மன்றோவுக்கு வந்த அறிக்கைகளுள் பெல்லாரிக் கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823-இல் எழுதியது வகுப்பறை வாழ்க்கையை மிக நுணுக்கமாகச் சொல்வது. பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. ஓசூரைப் போலவே தெலுங்கும் கன்னடமும் கலந்த சீமை. காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு சுழி. புகழுமில்லை, இகழுமில்லை என்று பொருள். மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என்று வரிசை ஏறிக்கொண்டே போகும். நேரத்துக்கு வரவைப்பதற்கு இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு இரக்கமற்ற ஏற்பாட்டை வேறெங்கும் காண்பது அரிது. யார் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் ஒருவன் கடைசியாகத்தானே வரவேண்டும்! மேல்நிலைப் பிள்ளைகள் கீழ்நிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைக் கேம்பெல் பாராட்டினார். அதன்மூலம் கற்பிப்பவனின் அறிவும் உறுதிப்படுகிறது என்றார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்றும் குறிப்பிட்டார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை எழும்பூரில் தொடங்குகிறது. ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆதரவற்ற மகன்களுக்காகச் சென்னையில் நடந்த அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். உள்ளூர்த் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்று மறுத்துவிட, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். நாடு திரும்பிய பெல் 1797-இல் இச்சோதனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் தமது பள்ளியைத் தொடங்கி இதற்கு நெருக்கமான முறையைக் கையாண்டார். இருவரில் யார் முதல்வர் என்று சண்டை நடந்தது. ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் பிரிட்டனெங்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் அவரது சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர்.

ஆனால் கடல் தாண்டியபோது ஒன்று மாறிவிட்டது. பதினைந்து பேருக்கான ஏற்பாடு அங்கே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் நிறுத்தி, ஒரே ஆசிரியரின் சம்பளத்தில் படிக்கவைக்கும் இயந்திரமாகிவிட்டது. லங்காஸ்டரின் கூடத்தில் ஆசிரியர் மேடையில் நிற்பார். பிள்ளைகளிடம் போய்ச் சேர்வது அவர் கட்டளை மட்டுமே. மலிவு என்பதே அதன் பெரும் சிறப்பாகப் பேசப்பட்டது. மனப்பாடமும் ஒப்பிப்புமே மிஞ்சின என்ற குறை வலுத்து, 1846-இல் பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் முறையை இங்கிலாந்து அரசு கொண்டுவந்தபோது, சட்டாம்பிள்ளைக்கு அங்கே விடைகொடுக்கப்பட்டது. முறை ஒன்றே, விளைவுகள் இரண்டு. இந்த வேறுபாடு நமக்குப் பின்னால் பயன்படும்.

தமிழகத்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திண்ணையை வேறொரு கை ஒழுங்குபடுத்தியது. அரசின் மானியம் வேண்டுமானால் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்படவேண்டும். சோதனை அதிகாரி வந்து கேள்வி கேட்கும் நாளில் எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கேற்பப் பணம். இந்தத் தேர்ச்சி மானியம் திண்ணையை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று கூறுபோட்டது. தன் சுவடியில் தன் வேகத்தில் நடந்த பிள்ளை, இப்போது ஆண்டுக்கு ஒரு படி ஏறவேண்டும், ஏறாவிட்டால் ‘ஃபெயில்’. வகுப்புகள் ஐந்தாயின. ஆசிரியர்கள் ஐவராகவில்லை. ஆசிரியரற்ற மூன்று வகுப்புகள் என்ற நமது கணக்கு பிறந்தது இங்கேதான்.

சுதந்திர இந்தியாவில் இக்கேள்விக்கு மிகத் துணிச்சலான, மிகப் பிழையான விடையைச் சொன்னவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, ஓசூரில் பள்ளிக்கல்வி பயின்றவர். முதலமைச்சர் ராஜாஜி 1953-இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாம் குலக்கல்வித் திட்டம் என்ற பெயரிலேயே நினைவில் வைத்திருக்கிறோம். அதன் சாதி அரசியல் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒரு கால அட்டவணையாகவும் பார்க்கவேண்டும். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் இரண்டு முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதிக்குக் காலையில் மூன்று மணிநேரம், மறுபகுதிக்குப் பிற்பகலில் மூன்று மணிநேரம். கட்டடமும் ஆசிரியரும் அதே. கூட்டம் பாதியாகும், கூடுதல் ஆசிரியர் தேவையில்லை. ‘ஆசிரியர் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்யும்?’ என்ற கேள்விக்கு ராஜாஜியின் விடை, ‘வீட்டுக்குப் போய்த் தகப்பனின் தொழிலைக் கற்கும்’ என்பது.

நிர்வாகக் கணக்காகப் பார்த்தால் அதில் ஒரு நேர்த்தி உண்டு. ஆனால் பள்ளியிலிருந்து விடுபட்ட அந்த மணிநேரங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. அதிகாரியின் மகன் திரும்பும் வீட்டில் புத்தகம் இருக்கும். சலவைத் தொழிலாளியின் மகன் திரும்பும் வீட்டில் அழுக்குமூட்டை இருக்கும். பெரியாரும் அண்ணாவும் அதைத்தான் கேட்டார்கள். ராஜாஜி 1954-இல் பதவி விலக, காமராஜர் முதல்வராக, அதே ஆண்டு மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி நேரம் என்பது வெறும் நேரமில்லை, சமத்துவத்தின் அளவு என்பதைத் தமிழகம் அந்த ஓராண்டில் கற்றுக்கொண்டது. அதன் பிறகு வந்த எந்த வகுப்பறைத் திட்டமும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிக் கணக்கைச் சரிசெய்யத் துணியவில்லை.

அடுத்த பெரிய விடை ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தது. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால், செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அதன் மூலம் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், பத்மநாப ராவும் ராமா ராவும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைகளும் கற்றல் ஏணியும். 2007-08 கல்வியாண்டில் தமிழகத்தின் சுமார் 37,000 பள்ளிகளுக்கும் அது பரவியபோது, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வயது நான்கு கூட நிறையவில்லை.

செயல்வழிக் கற்றல் அறைக்குள் நுழைந்த பழைய ஆசிரியர்களுக்கு அது சந்தைபோலத் தெரிந்திருக்கும். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றி ஓடியது. அவர்களுடைய படங்கள் தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. ஆசிரியரும் தரையில். ஆனால் அந்தச் சந்தைக்குள் கறாரான கணக்கொன்று இருந்தது. பிள்ளைகள் ஆறு குழுக்கள்: ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், பகுதி உதவி தேவைப்படுவோர், சக மாணவரின் முழு உதவி, சக மாணவரின் பகுதி உதவி, தாமே பயில்வோர், மதிப்பீடு செய்துகொள்வோர். ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்து, அதிலுள்ள குறியைப் பார்த்து உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியரின் நேரம் முதலிரண்டு குழுக்களுக்குப் போய்ச் சேரும். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு முதன்முறையாக வகுப்பறையின் அமைப்பிலேயே விடை எழுதப்பட்டிருந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. கட்டட வேலைக்குப் பெங்களூர் போன பெற்றோருடன் ஒரு மாதம் காணாமற்போய்த் திரும்பும் பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். ஓசூர் எல்லைக்கு இது சிறிய விஷயமன்று.

குறைகளும் சொல்லப்பட்டன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன; மாற்றட்டைகள் உரிய நேரத்தில் வரவில்லை. முப்பது பேரும் முப்பது படிகளில் நிற்கும்போது ஆசிரியரின் நேரம் பதிவேட்டில் கரைந்தது. சக மாணவன் உதவி செய்வதற்குப் பதிலாக விடையைக் காட்டிவிடுவதும் நடந்தது. வீட்டுப்பாடமும் புத்தகமும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் பலர் பள்ளியாக மதிக்கவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, தனித்தனிப் படிகள் மூன்று நிலைகளாகச் சுருங்கின: அரும்பு, மொட்டு, மலர். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, 2023-24இல் நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது நீண்டது. வகுப்பைவிடப் பிள்ளை நிற்குமிடமே முக்கியம் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. தேர்ச்சி மானியம் போட்ட கோட்டை அழித்து, திண்ணையின் பழைய ஒழுங்குக்கு நாம் வேறு பெயரில் திரும்பியிருக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். இம்முறை பெண் குழந்தைகளும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள்; பிரம்பு சட்டப்படி வெளியே இருக்கிறது. இவ்விரண்டும் சிறிய மாற்றங்களல்ல.

இந்த நீண்ட வரலாற்றில் எந்த விடையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று ஓசூரில் கண்ணுக்குத் தெரிகிறது. அது மொழி. கேம்பெலின் பெல்லாரியில் இருந்த 533 பள்ளிகளில் 235 கன்னடப் பள்ளிகள், 226 தெலுங்குப் பள்ளிகள். ஒரு திண்ணைக்கு ஒரு மொழி. சிக்கல் அங்கேயே தீர்ந்தது. மாநில எல்லைகள் மொழிவழியாக வகுக்கப்பட்டபோது பெல்லாரியின் பெரும்பகுதி 1953-இல் மைசூருக்குப் போயிற்று; ஓசூர் தமிழகத்திலேயே நின்றது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னட, உருது வழி அரசுப் பள்ளிகள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் அப்பள்ளிகளிலும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றார்கள். அந்த வாதங்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பற்றியவை. ஒன்றாம் வகுப்பின் பாயில் என்ன நடக்கிறது என்பது அவற்றில் அதிகம் பேசப்படவில்லை.

இதற்கிடையில் 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் ஓசூரை ஒரு தொழில் நகரமாக்கின. முதலில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசா, அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தாகமெடுக்கும் பிள்ளை ‘தண்ணி’ என்று கேட்கலாம், ‘நீரு’ என்று கேட்கலாம், ‘நீள்ளு’ என்று கேட்கலாம், ‘பானி’ என்றும் கேட்கலாம். ஆசிரியரின் கையிலுள்ள ஏட்டில் இந்தப் பிள்ளைகள் அனைவரும் அரும்பு நிலை. ஆனால் ‘தண்ணீர்’ என்ற சொல்லைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளையும், அச்சொல்லையே கேட்டறியாத பிள்ளையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. முன்னவனுக்கு எழுத்து வேண்டும். பின்னவனுக்கு முதலில் பேச்சு வேண்டும். சில வாரங்கள் வேண்டும். தன் மொழியறிந்த ஒரு தோழன் வேண்டும்.

அந்தத் தோழன் பெரும்பாலும் இருக்கிறான். ஈராண்டுக்கு முன் அதே நிலையில் வந்து, இப்போது இரண்டு மொழிகளையும் கலந்து பேசும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. எவரும் நியமிக்காத, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத சட்டாம்பிள்ளை. ஆசிரியர் சொன்னதைக் காதோரமாக மொழிபெயர்ப்பவன். இவனைத் திட்டத்துக்குள் கொண்டுவருவதா, கண்டும் காணாமல் விடுவதா என்பதே இந்த எல்லைப்புறப் பள்ளிகளின் முன்னுள்ள கேள்வி.

எழும்பூரும் லண்டனும் கற்பித்த பாடம் இங்கே உதவுகிறது. பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிப்பது, ஆசிரியர் அருகிலிருக்கும்போது நல்ல கல்வி. ஆசிரியருக்கு மாற்றாக வரும்போது மலிவான ஏமாற்று. இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு நாளில் அரைமணி நேரம் புதிய பிள்ளையின் பக்கத்தில் அமரும் பொறுப்பைத் தரலாம். கற்பிப்பதால் அவன் அறிவும் உறுதிப்படும் என்பது கேம்பெலே கண்டது. ஆனால் அவனுடைய பாடவேளையை எடுத்து அதைச் செய்யக்கூடாது. அவன் சொல்லிக்கொடுத்ததை ஆசிரியர் அன்றே கேட்டறியவேண்டும். ஒரே பிள்ளையின் தோளில் ஆண்டு முழுவதும் அதைச் சுமத்தவும் கூடாது. அந்தப் பிள்ளையை முன்வைத்து, ‘பார்த்துக்கொள்கிறார்களே, கூடுதல் ஆசிரியர் எதற்கு?’ என்று துறை கேட்குமானால் அது லங்காஸ்டரின் கூடம்.

ஆசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பேட்டில் ‘ஆசிரியர் செயல்பாடு’, ‘மாணவர் செயல்பாடு’ என்று பிரித்தெழுதும் வழக்கம் உண்டு. இரண்டுமே ஆசிரியர் முன்னிருக்கும் வகுப்பைப் பற்றியவை. ஈராசிரியர் பள்ளியின் குறிப்பேட்டுக்கு மேலும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: அந்நேரத்தில் ஆசிரியரற்ற மூன்று வகுப்புகள் என்ன செய்யும் என்பதற்கு ஒன்று, எந்தப் பிள்ளையின் வீட்டுமொழி என்ன, அவனோடு பேசக்கூடியவர் யார் என்பதற்கு ஒன்று. இரண்டாவது கட்டத்தில் எவர் பெயரையும் எழுத முடியாத பள்ளிகள் எத்தனை என்று மாவட்ட அளவில் கூட்டிப் பார்த்தால், எந்த மொழியறிந்த ஆசிரியர் எங்கே தேவை என்பதும் தானே தெரிந்துவிடும். பாராமகாலின் வயல்களை அங்குலம் அங்குலமாக அளந்து கணக்கெழுதிய மரபு நம்முடையது. இந்தக் கணக்கு அதைவிடக் கடினமானதல்ல.